வடக்குச் சந்தில் ஆளுயரப் பூச்செடி: வடவள்ளி வீடு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

கோயம்புத்தூர் வடவள்ளியில் பெரியம்மா வீட்டுக்கும் வடக்கு மதிலுக்கும் நடுவே பத்தடி அகலத்தில் ஒரு சந்து. மேற்குக் கோடியில் பழைய மாமரம், கிழக்குக் கோடியில் கேட். நடுவில் துணி துவைக்கும் கல். மதில் நாலடிதான். அதற்கு அந்தப் பக்கம் நாலு மாடிக் குடியிருப்பு எழும்பிய பிறகு இந்தச் சந்தில் வைத்த எதுவும் உருப்படவில்லை. குரோட்டன்ஸ் வெளுத்துப்போய் குச்சி குச்சியாக நீண்டது. செம்பருத்தி இலை மட்டும் விட்டது. நந்தியாவட்டையில் பூச்சி குடியேறிவிட்டது.

பெரியம்மா கேட்டது மூன்று விஷயம். எதிர்க் குடியிருப்பின் கீழ்த்தள ஜன்னலுக்குத் துவைக்கிற கல் தெரியாத அளவுக்கு உயரம் வேண்டும். பூக்க வேண்டும். "வருசா வருசம் காசு குடுத்து வாங்கி நட முடியாது கண்ணு" என்றதால் தானாகத் திரும்பத் திரும்பத் தழைக்கிற செடியாகவும் இருக்க வேண்டும். நான் என் பங்குக்கு ஒன்றைச் சேர்த்துக்கொண்டேன்: நம் மலையடிவாரத்திலேயே விளைகிற செடியாக இருந்தால் நல்லது. தோட்டம் அமைத்துத் தருவது என் தொழில். நிழலுக்கு என்று வந்து இறங்குகிற அழகுச்செடிகள் பெரும்பாலும் தென்னமெரிக்கச் சரக்கு. அவை மோசம் என்று சொல்லவில்லை. ஆனால் கண்ணுக்கெட்டிய தூரத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையை வைத்துக்கொண்டு அதிலிருந்து ஒரு செடிகூடத் தோட்டத்தில் இல்லை என்பது எனக்கு நீண்ட நாளாக உறுத்துகிற விஷயம்.

கடைசியில் தேர்ந்தது காஸ்டஸ். நர்சரிகளில் கிரேப் ஜிஞ்சர் என்பார்கள், பாலக்காட்டுப் பக்கம் சண்ணக்கூவை, இலங்கையில் தெபு. அது இந்தச் சந்தில் எங்கே வளர்ந்தது, எங்கே வளரவில்லை, ஏன் என்பதுதான் இந்தக் குறிப்பு.

நிழலைக் கணக்கிடுதல்

வடக்குப் பக்கம் என்றால் நிழல் என்று தோட்டப் புத்தகங்கள் சொல்வது ஐரோப்பாவுக்குச் சரி. கோவை இருப்பது 11 டிகிரி வட அட்சத்தில். ஏப்ரல் 18 வாக்கில் நண்பகல் சூரியன் நம் உச்சந்தலையைத் தாண்டி வடக்கே போய்விடும். திரும்பித் தெற்கே வருவது ஆகஸ்ட் 24 வாக்கில்தான். ஜூன் 21 நண்பகலில் அது உச்சியிலிருந்து 12 டிகிரிக்குச் சற்றுக் கூடுதலாக வடக்கே நிற்கும். டிசம்பர் 21 நண்பகலில் 34 டிகிரிக்கு மேல் தெற்கே சாய்ந்திருக்கும்.

இதை அடிக்கணக்கில் பார்க்கலாம். மாடியோடு சேர்த்து வீட்டின் உயரம் சுமார் 23 அடி. டிசம்பர் நண்பகலில் அதன் நிழல் வடக்கே கிட்டத்தட்ட 16 அடி நீளும். பத்தடிச் சந்து முழுக்க அதற்குள் அடங்கிவிடும். ஜூன் நண்பகலில் அதே வீட்டின் நிழல் தெற்குப் பக்கம், வாசல் பக்கம், 5 அடி விழும். வடக்குச் சந்தில் அப்போது வீட்டு நிழலே கிடையாது. ஆக இந்தச் சந்து ஆண்டு முழுக்க இருட்டு என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தாலும், ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை மரக்கிளை மறைக்காத இடமெல்லாம் உச்சி வெயில் வாங்கிக்கொண்டிருந்தது. ஜனவரியில் இடத்தைப் பார்த்துவிட்டு நிழல் செடி வாங்கி வைப்பவர்கள் மே மாதம் இலை கருகுவதைப் பார்த்துத் திகைப்பதற்குக் காரணம் இதுதான்.

வெளிச்சத்தை அளக்கிற லக்ஸ் மீட்டரெல்லாம் தேவையில்லை. நண்பகலில் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் கையை நீட்டிப் பிடித்தால் போதும். விரல் விரலாக நிழல் விழுந்தால் வெயில். கை என்று தெரிகிறது, ஓரம் மட்டும் கலங்கலாக இருக்கிறது என்றால் அரை நிழல். ஒன்றுமே விழவில்லை என்றால் அடர் நிழல். இதை ஜனவரியிலும் மே மாதத்திலும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்ததில் சந்து மூன்றாகப் பிரிந்தது. கேட் பக்கம் வானம் திறந்து கிடக்கிறது; மே மாதம் நல்ல வெயில், மார்கழியில் துளியும் இல்லை. நடுப்பகுதியில் மாமரத்தின் ஓரக் கிளைகள் மேலே பரவியிருப்பதால் வெயில் சல்லடையாக இறங்குகிறது. மாமரத்தடியில் கையின் நிழலே விழவில்லை.

அப்புறம் கடப்பாரை. மாமரத்தடியில் ஓரடி தோண்டுவதற்குள் விரல் தடிமனில் வேர்கள் பின்னிக் கிடந்தன. முந்தின வாரம் நல்ல கோடை மழை பெய்திருந்தது. ஆனாலும் மண்ணைக் கையில் எடுத்தால் தூசியாக உதிர்ந்தது. மழையில் ஒரு பங்கை மேலே இலைக்கூட்டம் தடுத்துவிடுகிறது, இறங்கியதை வேர் உறிஞ்சிவிடுகிறது. நடுப்பகுதியில் அதே ஆழத்தில் மண் கையில் உருண்டையாகப் பிடித்தது. என் கணிப்பில் நிழல் தோட்டங்களில் செடி சாவது வெளிச்சக் குறைவால் என்பதைவிட, பக்கத்து மரத்தோடு தண்ணீருக்குப் போட்டி போட முடியாமல்தான். இந்தச் சந்தில் நடந்தவை அந்தக் கணிப்பை உறுதிப்படுத்தின.

செடி எப்படிப்பட்டது

காஸ்டஸ் இஞ்சிக்கு ஒன்றுவிட்ட உறவு. மண்ணுக்குள் கிழங்கு, மேலே கரும்பு போலில்லாமல் வளைந்து திரும்பும் தண்டு. ஆனால் இலையைக் கசக்கினால் இஞ்சி வாசம் வராது, வெறும் பச்சை நெடிதான். இஞ்சிக் குடும்பத்தில் இலைகள் தண்டின் இரண்டு பக்கமும் மாறி மாறி இரண்டே வரிசையாக அடுக்கியிருக்கும். காஸ்டஸில் இலைகள் ஒற்றை வரிசையாகத் தண்டைச் சுற்றிச் சுற்றி ஏறும். மேலிருந்து பார்த்தால் சுருள் படிக்கட்டு. இலையின் அடிப்பக்கத்தைக் கன்னத்தில் வைத்தால் பட்டு மாதிரி மயிர்கள் தெரியும். வாங்கும்போது இதைத் தடவிப் பார்ப்பது முக்கியம். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

ஆறடி சாதாரணம், வசதியான இடத்தில் ஒன்பது பத்தடிகூடப் போகும். இந்தியா, இலங்கை தொடங்கி தென்கிழக்கு ஆசியா வரை இதன் சொந்த மண். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரமான இலையுதிர் காடுகளின் விளிம்பிலும் ஓடைக்கரைகளிலும் பார்க்கலாம். விளிம்பு என்பதைக் கவனிக்க வேண்டும். நடுக்காட்டு இருட்டில் அது அவ்வளவாக இல்லை. மழைக்காலம் முழுக்க வளர்ந்து பூத்து, வறட்சி தொடங்கியதும் மேலே உள்ளதையெல்லாம் காயவிட்டு, கிழங்கோடு மண்ணுக்குள் காத்திருக்கும்.

இதற்குத் தமிழ்நாட்டோடு ஒரு பழைய தொடர்பும் உண்டு. செடிகளுக்கு அறிவியல் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸின் மாணவர் யோஹான் கெர்ஹார்ட் கோனிக் 1768-இல் தரங்கம்பாடி டேனிஷ் குடியேற்றத்துக்கு மருத்துவராக வந்தவர். இந்தச் செடியை அறிவியல் உலகத்துக்கு முறையாக விவரித்தவர் அவர்தான். 1783-இல் பாங்க்ஸியா ஸ்பெசியோசா என்ற பெயரில் வெளியானது. அது நிலைக்கவில்லை. பிறகு காஸ்டஸ் ஸ்பெசியோசஸ், 2006-இல் கைலோகாஸ்டஸ், இப்போது ஹெலனியா. நர்சரிக்காரர்கள் காஸ்டஸோடு நின்றுவிட்டார்கள், நானும் அங்கேயே நின்றுகொள்கிறேன். நாட்டு மருந்துக் கடையில் கோஷ்டம் என்று கட்டித் தருகிற வேர் இமயமலைச் செடியுடையது. பெயர் ஒத்திருந்தாலும் அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

வேறு என்னென்ன பார்த்தோம் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். விஷமூங்கில் பெயரில்தான் மூங்கில், அது ஒரு பூச்செடி, உயரம் போதாது. செங்காந்தள் கொடி, பிடித்து ஏற வேலி வேண்டும், கிழங்கு விஷம், வீட்டில் பேரக்குழந்தைகள் வந்து போகிறார்கள். பேரரத்தை உயரமும் நிழலும் சரிதான், பூ மட்டும் ஒருவர் கண்ணிலும் படாது.

கிழங்கு வந்த வழி

நான் போவதற்கு முன்பே பெரியம்மா ஒரு நர்சரியில் காஸ்டஸ் என்று கேட்டு இரண்டு தொட்டி வாங்கி வைத்திருந்தார். முழங்கால் உயரத்துக்கு மேல் வளரவில்லை, ஆரஞ்சு நிறத்தில் பூத்தது. அது இன்சுலின் செடி. பிரேசில்காரச் செடி, காஸ்டஸின் குடும்பம்தான், இலைகளும் அதே மாதிரி சுற்றி ஏறும், அதனால் கன்றாக இருக்கும்போது குழப்பம் வரும். இலையின் அடிப்பக்கத்தைத் தடவினால் தெரிந்துவிடும். காஸ்டஸின் பட்டு மயிர் அதில் இருக்காது. நர்சரியில் திருப்பிக் கேட்டபோது "ரெண்டும் ஒண்ணுதானுங்க" என்று பதில் வந்ததாம். மருத்துவக் குணம் என்று சொல்லி விற்பதற்கு வசதியாக இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். இலங்கையில் தெபு இலையை நறுக்கிச் சம்பல் செய்து சாப்பிடுவது உண்மை. அதற்காகச் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டு இலை மெல்லுவது அபாயம். கிழங்கில் டயோஸ்ஜெனின் என்ற பொருள் இருக்கிறது, ஸ்டீராய்டு மருந்துகள் தயாரிக்க மூலப்பொருளாகப் பயன்படக்கூடியது. அதை வீட்டில் வேக வைத்துப் பரிசோதிக்க வேண்டியதில்லை.

உண்மையான கிழங்கு பாலக்காட்டில் உறவினர் தோப்பு வேலியோரத்திலிருந்து வந்தது. அங்கே அது கேட்பாரற்றுக் கிடக்கிறது, கொஞ்சம் எடுத்துக்கொள்கிறேன் என்றால் சிரிக்கிறார்கள். காட்டிலிருந்து எடுக்கலாமே என்று ஒருவர் யோசனை சொன்னார். காப்புக்காட்டில் கிழங்கு தோண்டுவது சட்டப்படி குற்றம். வேலியோரத்தில் இவ்வளவு கிடைக்கும்போது அதற்கு அவசியமும் இல்லை. கிழங்கு கிடைக்காதவர்கள் தண்டிலிருந்தும் உண்டாக்கலாம்: பூத்து முடிந்த தண்டை இரண்டு மூன்று கணு உள்ள துண்டுகளாக நறுக்கி, ஈர மணலில் படுக்கவைத்துப் பாதி மூடினால் கணுவிலிருந்து முளை வரும். பொறுமை வேண்டும்.

நட்டது

ஏப்ரல் கடைசியில், கோடை மழை இரண்டு விழுந்த பிறகு நட்டோம். அதற்கு முந்தைய வேலைதான் அதிகம். வீடு கட்டிய காலத்து ஓட்டுத்துண்டும் சுண்ணாம்பும் மதில் ஓரமாகப் புதைந்து கிடந்தன; அதைக் கூடை கூடையாக அள்ளினோம். துவைக்கிற கல்லிலிருந்து சோப்புத் தண்ணீர் மண்ணில் ஓடிக்கொண்டிருந்ததைக் குழாய் போட்டுத் திருப்பிவிட்டோம். சோப்பும் சுண்ணாம்பும் சேர்ந்தால் மண் காரத்தன்மை ஏறி, செடிக்கு இரும்புச்சத்து எட்டாது. இலை நரம்பு பச்சையாகவும் நடுவே மஞ்சளாகவும் மாறும். பிறகு மண்ணைத் தரையிலிருந்து முக்கால் அடி உயர்த்தி மேட்டுப்பாத்தி. மக்கிய சாணி, மாவிலைச் சருகு மக்கு, நன்றாகத் தண்ணீரில் அலசிய தென்னை நார்க்கழிவு. அலசாத நார்க்கழிவில் உப்பு இருக்கும்.

கிழங்குகளை முளைக்கண் இரண்டு மூன்று இருக்கும்படி வெட்டி, வெட்டிய வாயை ஒரு நாள் நிழலில் உலரவிட்டு, இரண்டு விரற்கடை ஆழத்தில் படுக்கை வசமாக, இரண்டடி இடைவெளியில் வைத்தோம். மேலே தடிமனாகச் சருகு மூடாக்கு. கேட் பக்கத்திலும் நடுவிலும் பாத்தியில் நேராக. மாமரத்தடியில் மட்டும் வேரை வெட்ட எனக்கு மனமில்லை. அங்கே தரைமேல் மூன்று சிமென்ட் உறைகளை (கிணற்று வளையங்களை) இறக்கி, அடியில் கூழாங்கல் போட்டு, அதே மண்ணை நிரப்பி நட்டோம்.

தண்ணீர் விஷயத்தில் ஒரு சண்டை. ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவு நீர் வீணாகிறதே என்று பெரியம்மா வாளியில் பிடித்து வைத்து ஊற்றிக்கொண்டிருந்தார். போர்வெல் தண்ணீரில் இருக்கிற உப்பையெல்லாம் ஒன்றுதிரட்டி வெளியே தள்ளுவதுதான் அந்தக் கழிவு. காஸ்டஸின் இலை நுனி அதற்குச் சட்டென்று கருகும். அந்த வாளி தரை கழுவப் போனது. செடிக்குச் சிறுவாணிக் குழாய்த் தண்ணீரும் அரிசி கழுவிய தண்ணீரும் ஏ.சி.யிலிருந்து சொட்டுகிற தண்ணீரும்.

முதல் ஆண்டு

முளை வரும்போது பார்க்க வேண்டும். கருஞ்சிவப்பு ஈட்டி ஒன்று சருகைக் குத்திக்கொண்டு வருகிறது; அதன் இலையுறை தண்டைச் சுற்றி முழுக் குழாயாக மூடியிருக்கிறது, பிளவே இல்லை. ஓரிரு வாரத்தில் அது பிரிந்து முதல் இலை பக்கவாட்டில் நீளுகிறது. நத்தைகளுக்கு இந்தக் கட்டம்தான் விருந்து. வடவள்ளியில் ஆப்பிரிக்க ராட்சத நத்தை மழை தொடங்கினால் மதிலெல்லாம் ஏறும். ஈரச் சாக்கை விரித்து அடியில் பப்பாளி இலை போட்டு வைத்தால் விடியற்காலையில் அதன்கீழ் ஒட்டிக்கொண்டிருக்கும். கையுறை போட்டுப் பொறுக்கி எடுத்தோம். உப்புத் தூவச் சொல்பவர்கள் மண்ணை நினைத்துப் பார்ப்பதில்லை.

கேட் பக்கத்துச் செடிகள் முதலில் முளைத்தன, முதலில் அடியும் வாங்கின. மே நடுவில் உச்சி வெயில் நேராக விழுந்து இலையின் நடுவே காகித நிறத்தில் பட்டை பட்டையாகக் கருகல். ஐம்பது சதவீத நிழல்வலை கட்டிய பிறகு புது இலைகள் சரியாக வந்தன. ஜூனில் தென்மேற்குப் பருவமேகம் மூடியதும் வலையை எடுத்துவிட்டோம். இடுப்புயரத்தில் நின்றுவிட்டாலும் செப்டம்பரில் இரண்டு தண்டு பூத்தது.

நடுப்பகுதி சத்தமில்லாமல் வளர்ந்தது. நெஞ்சுயரம். தண்டுகள் வெளிச்சம் இருக்கும் பக்கம் வளைந்து, பிறகு தன் சுருளில் திரும்பி, மறுபடி வளைந்து போயின. நேர்வரிசை விரும்புகிறவர்களுக்கு இந்தச் செடி ஆகாது.

மாமரத்தடி உறைகளில் முளை வந்தது, முழங்கால் தாண்டவில்லை. தினமும் தண்ணீர் விட்டும் மண் காய்ந்தது. ஆகஸ்டில் ஓர் உறையை அசைத்துப் பார்த்தபோது காரணம் தெரிந்தது: கூழாங்கல்லைத் தாண்டி மாமரத்தின் சல்லிவேர்கள் கீழிருந்து மேலே ஏறி உள்ளே வலை பின்னியிருந்தன. நாம் மக்கிய சாணியும் தண்ணீரும் வைத்தது மரத்துக்கு விருந்தாகிவிட்டது. இந்த உறைகளுக்கு வெளிச்சம் நடுப்பகுதியைவிடக் குறைவுதான், ஆனால் இலை பச்சையாக, அகலமாகவே இருந்தது. வாடியது மத்தியானத்தில், தண்ணீருக்காக. வெளிச்சம் மட்டும் குறைந்திருந்தால் செடி மெலிந்து நீளுமே தவிர இப்படிக் குட்டையாகச் சுருங்காது.

காற்றைப் பற்றி யாரும் எங்களை எச்சரிக்கவில்லை. ஜூன், ஜூலையில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று கோவைக்காரர்களுக்குப் பழக்கம். ஆனால் கிழக்கு மேற்காக ஓடுகிற குறுகிய சந்தில் அது வேகம் பிடிக்கிறது. ஒரே இரவில் நடுப்பகுதித் தண்டுகள் கேட் பக்கமாகச் சாய்ந்தன. ஒவ்வொரு தண்டுக்கும் குச்சி நட்டுக் கட்டுவதைவிட, பாத்தியின் இரு ஓரமும் மூங்கில் நட்டு இடுப்பளவில் தென்னங்கயிற்றை இரண்டு ஓட்டம் கட்டியது நல்ல பலன் தந்தது. செடி கயிற்றின்மேல் சாய்ந்து நிற்கிறது, இலை வந்ததும் கயிறு மறைந்துவிடுகிறது.

பூ

தண்டின் நுனியில் அடுக்கடுக்காகச் செதில்கள் மூடிய ஒரு கூம்பு, செங்காவி கலந்த சிவப்பு. ஒவ்வொரு செதிலின் மடியிலிருந்தும் ஒரு வெள்ளைப் பூ. காலையில் ஒன்று, சில நாள் இரண்டு மூன்று. விரிந்த பூ உள்ளங்கையில் பாதிக்கு வரும். ஓரமெல்லாம் மெல்லிய சுருக்கம், நடுவே மஞ்சள். நாம் இதழ் என்று நினைக்கிற அந்த அகலமான வெள்ளைப் பகுதி இதழே அல்ல. மகரந்தம் தராத ஐந்து மகரந்தத்தாள்கள் ஒன்றோடொன்று இணைந்து விரிந்தது. மகரந்தம் தருகிற ஒரே தாள் அதன்மேல் ஒரு பட்டையாக நிமிர்ந்து நிற்கிறது. பெரிய கருந்தேனீ உள்ளே நுழைந்து பின்வாங்கும்போது முதுகில் வெள்ளைப்பொடி ஒட்டியிருப்பதைப் பார்க்கலாம். மறுநாள் பூ தொங்கிவிடும். கூம்பு ஒன்றிலிருந்து அப்படி வாரக்கணக்கில் வந்துகொண்டே இருக்கும். பூக்கள் முடிந்தும் சிவப்புக் கூம்பு மாதக்கணக்கில் நிற்கிறது. உண்மையில் தூரத்திலிருந்து பார்க்கிற அழகு அதுதான்.

செதில்களில் கட்டெறும்பு மொய்க்கும். வேலைக்கு வருகிற அக்கா பூச்சிமருந்து அடிக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம். செதிலின் வெளியே இனிப்புச் சுரப்பி இருக்கிறது. எறும்புக்குக் கூலி கொடுத்துக் காவல் வைத்திருக்கிறது செடி. எறும்பு ஊர்கிற கூம்பில் புழு அரித்து நான் பார்க்கவில்லை. இலைகளில் வெட்டுக்கிளி கடித்த ஓட்டைகள் இருந்தன, விட்டுவிட்டோம்.

காயும் சிவப்பு. வெடித்தால் உள்ளே கறுப்பு விதை, வெள்ளைச் சதையோடு. கொண்டைக்குருவி வந்து கொத்துகிறது.

காணாமல் போனது

ஜனவரியில் இலைகள் மஞ்சளாகத் தொடங்கின. பிப்ரவரி முதல் வாரம் தொலைபேசி: "ஏங் கண்ணு, எல்லாம் செத்துப் போச்சே? அந்தப் பொண்ணு புடுங்கிப் போட்டுரட்டுமான்னு கேக்குது." புடுங்க வேண்டாம் பெரியம்மா, தூங்குகிறது என்றேன். காய்ந்த தண்டைத் தரையோடு வெட்டிவிட்டு, சருகை மேலே குவித்து, மண் முழுக்கத் தூசியாகிவிடாமல் எப்போதாவது கொஞ்சம் தண்ணீர். இந்தக் காலத்தில் பரிதாபப்பட்டுத் தினமும் ஊற்றினால் கிழங்கு அழுகும். நட்ட செடி முதல் கோடையிலேயே செத்துவிட்டது என்று சொல்பவர்களில் பலர் தூங்குகிற கிழங்கைத் தோண்டி எறிந்தவர்களாக இருக்கும் என்பது என் சந்தேகம்.

இங்கே மாமரமும் பேச்சில் சேர்ந்துகொண்டது. மாமரம் நன்றாகப் பூக்க, பூப்பதற்கு முன்னால் சில வாரங்கள் மண் காய்ந்து கிடக்க வேண்டும். மார்கழியில் அடியில் தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தால் பூவுக்குப் பதில் தளிர் விடும். பெரியம்மாவுக்குச் செடியைவிட மாங்காய் முக்கியம். எனவே டிசம்பர் தொடக்கத்தில், வடகிழக்கு மழை ஓய்ந்ததும், மேற்குப் பக்கம் தண்ணீரை நிறுத்தினோம். காஸ்டஸுக்கும் ஓய்வெடுக்கப் போகிற காலம் என்பதால் இதில் இழப்பில்லை. மலையில் இரண்டும் ஒரே மழைக்கணக்கில் வாழ்கிறவை.

இரண்டாம் ஆண்டும் அதன் பிறகும்

ஏப்ரல் மழைக்கு நடுப்பகுதியில் முளைகள் கொத்தாக வந்தன. ஆகஸ்டில் ஏழடி. எதிர் ஜன்னலுக்குத் துவைக்கிற கல் தெரியவில்லை. அக்டோபர் வரை கூம்புகள் வந்துகொண்டிருந்தன. மே மாதத்திலும் ஆகஸ்டிலும் ஒவ்வொரு கூடை மக்கிய சாணி தவிர வேறு உரம் போடவில்லை. யூரியா போட்டால் தண்டு சதைபிடித்துக் காற்றுக்கு ஒடியும்.

மாமரத்தடியில் தோற்றுவிட்டோம் என்று ஒப்புக்கொண்டு காஸ்டஸை எடுத்தோம். உறைகளில் இப்போது சித்தரத்தை. அது நாலடிதான் வளரும், இலை மட்டும் பன்னிரண்டு மாதமும் பச்சை, மண் காய்வதைப் பொறுத்துக்கொள்கிறது. காஸ்டஸ் மறைகிற பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையான வெறுமையை ஈடுகட்ட, நடுப்பகுதியிலும் மதிலை ஒட்டி ஒரு வரிசை சித்தரத்தை வைத்தோம். முழு மறைப்பு அந்த மாதங்களில் இல்லை. ஆண்டு முழுக்கச் சுவர் போல நிற்க வேண்டும் என்று கேட்பவருக்கு நான் காஸ்டஸைப் பரிந்துரைக்க மாட்டேன். மூங்கில் தட்டி கட்டிக்கொள்ளுங்கள் என்பேன்.

பரவுமா என்று கேட்டால், பரவும். கிழங்கு பக்கவாட்டில் நகர்கிறது, ஆண்டுக்கு ஓரடி போல. ஹவாய் போன்ற பசிபிக் தீவுகளில் இதை ஆக்கிரமிப்புச் செடிகளில் சேர்த்திருக்கிறார்கள். இங்கே சொந்த மண் என்பதாலும், சந்துக்கு வெளியே கோவையின் வறட்சி காவல் நிற்பதாலும் அந்தப் பயமில்லை. சாக்கடை மூடி பக்கம் மட்டும் ஒரு வரிசை செங்கல்லைச் செங்குத்தாகப் புதைத்தோம். மூன்றாம் ஆண்டு கோடையில், முளை வருவதற்கு முன், நடுப்புதரைத் தோண்டிப் பிரிக்க வேண்டியிருந்தது. நடுக்கிழங்குகள் நெருங்கித் தண்டுகள் மெலியத் தொடங்கியிருந்தன. பழைய, முளைக்கண் இல்லாத துண்டுகளைக் குப்பையில் போட்டு, ஓரத்து இளங்கிழங்குகளை மறுபடி இரண்டடி இடைவெளியில் வைத்தோம்.

கேட் பக்கம்தான் இழுபறி. ஒவ்வொரு மே மாதமும் நிழல்வலை கட்டி அவிழ்த்தால் அங்கேயும் காஸ்டஸ் ஒழுங்காக வரும். பெரியம்மாவுக்கு அந்தத் தொல்லை பிடிக்கவில்லை. அங்கிருந்த கிழங்குகளையும் பிரித்து நட்டபோதே நடுப்பகுதிக்குக் கொண்டுவந்துவிட்டோம். கேட் பக்கம் இப்போது ஸ்கூட்டர் நிற்கிறது.